குழிகளின் வரலாறு – 17: டால்டன் மேடையின் பள்ளம்

சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் எத்தனை தடித்த நூல்களாக வளர்ந்திருந்தாலும், அவற்றின் அடிப்படைக் கட்டளை ஒரே வரியில் அடங்கிவிடும்: தோண்டிய குழிக்கு வேலி இடு, அந்தக் குழிக்குப் பொறுப்பானவரின் பெயரை எழுதி வை. கோலார் தங்கவயலில் 1897-இல் 52 பேரும், பலுசிஸ்தானத்துக் கோஸ்த் நிலக்கரிச் சுரங்கத்தில் 1899-இல் 47 பேரும் மாண்ட பிறகே 1901-ஆம் ஆண்டின் முதல் சுரங்கச் சட்டம் வேகம் பெற்றது என்ற இடத்தில் கடந்த இதழ் நின்றது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த கதை இந்த இதழுக்குரியதென அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் கதைக்குள் நுழையும் முன், திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் மேற்கு மதிலோரம் கிடந்த ஒரு பள்ளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வேலியில்லாத குழி இருட்டில் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரின் வரலாற்றில் அதைவிடத் துல்லியமான சாட்சியம் கிடைப்பது அரிது.

கர்நாடகப் போர்களின் பின்னணி வாசகர் அறிந்ததே என்பதால் அதை விரிக்கத் தேவையில்லை. 1753-ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப் மாண்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியின் கொடி திருச்சிக் கோட்டையில் பறந்தது. காவிரி ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்தது. அரங்கன் கோயிலின் திருச்சுற்று மதில்கள் அந்நாளில் படைவீரர்களுக்கு அரணாகிப் போயின என்பது, வழிபடுவோரைக் கேட்காமலே வல்லரசுகள் செய்துகொண்ட ஏற்பாடுகளுள் ஒன்று. அவ்வாண்டில் பொன்மலைப் பாறையடியிலும் சர்க்கரைப் பாறை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட குன்றின் அருகிலும் நடந்த இரு போர்களில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் வென்றிருந்தார். லாரன்ஸின் துணிவை எவரும் மறுக்க முடியாது. எனினும் அவருடைய வெற்றிகளுள் பாதியையேனும் எதிரிகளின் ஒற்றுமையின்மைக்குக் கணக்கெழுத வேண்டும். மைசூரின் நஞ்சராஜாவும் மராத்திய முராரி ராவும் பிரெஞ்சுக்காரரும் ஒரே கரையில் இருந்தார்களே தவிர, ஒரே எண்ணத்தில் இருந்ததில்லை.

மழைக்காலம் வந்ததும் லாரன்ஸ் தம் படையின் பெரும்பகுதியைக் கோவிலடிக்குக் கொண்டுசென்றுவிட, கோட்டைக்குள் சிறு காவற்படையே எஞ்சியது. பாண்டிச்சேரியிலிருந்து புதிதாக வந்த வீரர்களால் வலுப்பெற்ற பிரெஞ்சுத் தளபதி மேன்வில், இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். அவர் தேர்ந்த இடம் கோட்டையின் மேற்குப் பக்கத்தில், வடமேற்கு மூலைக்கு அருகிலிருந்த பீரங்கி மேடை. மதிலுக்கு வெளியே நீண்டிருந்த பழைய வாயிற்கட்டு ஒன்றை, முன்பு நகரின் பொறுப்பிலிருந்த கேப்டன் ஜான் டால்டன் பீரங்கிகள் ஏற்றும் மேடையாக மாற்றியிருந்ததால் அது டால்டன் மேடை எனப்பட்டது. இன்று மெயின்கார்டு கேட் மட்டும் எஞ்சி நிற்கும் அதே மேற்குப் பக்கம்தான் அது. அம்மேடையின் உடலுக்குள்ளேயே ஆழமான பள்ளம் ஒன்று திறந்து கிடந்தது. அதைச் சுற்றித் தடுப்பு ஏதும் இல்லை. இருந்திருந்தால் தென்னிந்திய வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

நவம்பர் மாத இறுதியில் ஓர் இரவு, ஏறத்தாழ 600 ஐரோப்பிய வீரர்கள் ஆற்றையும் அகழியையும் கடந்து ஏணிகளைச் சாத்தி மேடையில் ஏறினர். காவலிருந்த சிப்பாய்கள் உறக்கத்திலேயே துப்பாக்கி முனைக் கத்திகளுக்கு இரையாயினர். உள்மதிலை அடையும்வரை ஒரு குண்டும் வெடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த ஆணை. அந்த ஆணையைக் குழி முறித்தது. இருளில் சிலர் கால் இடறிப் பள்ளத்தில் விழ, விழுந்தவர்களின் அலறலும் திகைத்தவர்களின் துப்பாக்கிச் சத்தமும் ஒன்றாக எழுந்தன. இரகசியம் கலைந்துவிட்டதென்று கண்டவர்கள், மேடையிலிருந்த பீரங்கிகளை நகரின் பக்கம் திருப்பிச் சுட்டு, தங்கள் அரசரை வாழ்த்திக் கூவினர். வென்றுவிட்டோம் என்ற நினைப்பில் எழுந்த அந்த ஆரவாரமே கோட்டை முழுவதையும் எழுப்பிவிட்டது.

காயமுற்றுப் படுக்கையில் கிடந்த காவற்படைத் தலைவர் கேப்டன் கில்பாட்ரிக், தாம் எழ இயலாத நிலையில் லெப்டினன்ட் ஹாரிசனை அனுப்பினார். ஹாரிசன் இந்தக் கதையின் உண்மையான வீரர் எனலாம். அவர் இருட்டில் எதிரியைத் தேடி ஓடாமல், மேடையிலிருந்து நகருக்குள் வரும் வழியின் இருபுறமும் ஆட்களை நிறுத்தி, ஓசை வந்த திசையெல்லாம் சுடச் செய்தார். உள்வாயிலைத் தகர்ப்பதற்காகப் பெடார்ட் எனப்படும் வெடிமருந்துக் கலத்தைச் சுமந்து வந்தவர்கள் வழியிலேயே வீழ்ந்தனர், ஏணிகள் சிதைந்தன, முன்னே மதிலும் பின்னே அகழியுமாக அகப்பட்டவர்கள் விடியும்வரை பதுங்கிக் கிடந்து, பொழுது புலர்ந்ததும் ஏறத்தாழ 360 பேர் சரணடைந்தனர். அந்த ஆண்டில் பிரெஞ்சுக்காரர் பட்ட பேரிழப்புகளுள் இதுவும் ஒன்று. போர் வரலாறுகள் சிறைப்பட்டவர்களையும் கைப்பற்றப்பட்ட ஏணிகளையும் எண்ணி வைத்தன. உறக்கத்தில் குத்துண்ட சிப்பாய்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. சுரங்கச் சட்டங்களின் வரலாற்றிலும் இதே பழக்கம் தொடர்வதைக் காணலாம்: கூட்டமாக மாண்டவர்கள் எண்ணப்படுகிறார்கள், ஒருவர் ஒருவராக மாண்டவர்கள் மறக்கப்படுகிறார்கள்.

ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, 1953 ஜூலையில், அதே திருச்சி மாவட்டத்தின் கல்லக்குடியில் வேறொரு போர் நடந்தது. 1939-இல் தொடங்கப்பட்ட சிமென்ட் ஆலையின் பெயரால் டால்மியாபுரம் என்றாகிவிட்ட ஊருக்குப் பழைய பெயரே வேண்டுமென்று மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்த நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. ஆலை ஏன் அங்கே வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊட்டத்தூர், கல்லக்குடி, அரியலூர் வரையிலான நிலம் கிரெட்டேசியக் காலத்தில், அதாவது பல கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியாக இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் பவளங்களும் இறுகிய சுண்ணாம்புக்கல்லே சிமென்ட்டின் மூலப்பொருள். நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் அப்பாறைகளை ஆராய்ந்து 1862-இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. பெயருக்காக நடந்த போரை வரலாறு போற்றுகிறது. பெயருக்குக் காரணமான குழியையும் அதில் இறங்கியவர்களையும் அது கடந்துபோய்விடுகிறது.

கல்லக்குடிப் போராட்டத்துக்கு ஓராண்டு முன்பு, 1952 ஜூலை 1-இல், சுதந்திர இந்தியாவின் சுரங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் முன்வரலாற்றைச் சுருக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது: 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களை விலக்கியது, 1937-இல் பெண்கள் நிலத்தடியில் இறங்குவது தடுக்கப்பட்டது, 1943-இல் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி அத்தடை நீக்கப்பட்டு, 1946-இல் மீண்டும் இடப்பட்டது. அப்போது தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கர் 1943 டிசம்பரில் தன்பாத் பகுதிக்குச் சென்று சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தவர். நிலக்கரித் தொழிலாளர் நல நிதி உருவானதும் அவர் காலத்தில்தான். ஆயினும் பெண்கள் மீதான தடை நீக்கப்பட்டதும் அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேயே என்பதையும், மத்தியச் சட்டமன்றத்தில் ரேணுகா ராய் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார் என்பதையும் மறைப்பது நேர்மையாகாது.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருச்சிக்கு மிக நெருக்கமானது அதன் 3-ஆம் பிரிவு. கட்டுமானக் கல், சரளை, சாதாரண மணல், சுண்ணாம்புக்கல் போன்றவற்றைத் திறந்தவெளியில் தோண்டும் குழி 6 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 20 அடிக்கு மேல் ஆழமாகாமலும், எந்த நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடிமருந்து பயன்படுத்தாமலும் இருக்குமானால், சட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாது என்றது அப்பிரிவு. மூன்று நிபந்தனைகளில் ஒன்று மீறப்பட்டாலும் விலக்கு போய்விடும். ஆனால் ஆழம் ஒரே நாளில் 6 மீட்டரைத் தாண்டுவதில்லை. மாதக்கணக்கில் இறங்கி இறங்கித் தாண்டுகிறது. அந்த எல்லை கடக்கப்பட்ட நாளை யார் குறித்து வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இச்சிக்கலுக்கு வேர் அரசமைப்பிலேயே இருக்கிறது. சுரங்கங்களில் தொழிலாளர் நலமும் பாதுகாப்பும் ஒன்றியப் பட்டியலின் 55-ஆவது பதிவில் உள்ளதால், அவற்றைக் கவனிப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். கருங்கல், சரளை, ஆற்றுமணல் ஆகியவையோ சிறு கனிமங்கள் எனப்படுபவை. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியதால், குத்தகை தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் வழியாக வருகிறது. குழி தோண்ட அனுமதிக்கும் கை ஒன்று, குழியின் ஓரத்தைப் பார்க்க வேண்டிய கண் வேறொன்று என்றானபின், கையும் கண்ணும் ஒரே உடலில் இல்லாத குறையை எந்தத் திருத்தமும் இதுவரை முழுமையாகத் தீர்த்ததில்லை.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், பெயரில் உலோகம் இருந்தாலும் கல்குவாரிகளுக்கும் உரியவை. மண்ணும் சரளையுமான பக்கச்சுவரை 45 பாகைக்கு மிகாத சரிவாகவோ, உயரம் 1.5 மீட்டருக்கு மிகாமலும் அகலம் உயரத்துக்குக் குறையாமலும் உள்ள படிகளாகவோ வெட்ட வேண்டும். குவாரிக்காரர் பெஞ்ச் என்று சொல்வது இந்தப் படியைத்தான். விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கல்லோ மரமோ இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து மேற்பகுதியைத் தொங்கவிடக் கூடாது. குழியின் விளிம்புக்கு வேலி வேண்டும். கல்தூசியால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிக்கோசிஸ் நோயைக் கண்டால் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். இவற்றைப் பின்பற்றினால் படிகளுக்காகவே நிலத்தின் ஒரு பகுதியை வெட்டாமல் விட வேண்டியிருக்கும்; குத்தகைக் காலத்துக்குள் எடுக்கும் கல் குறையும். செங்குத்தாக வெட்டப்பட்ட ஒவ்வொரு பாறைச்சுவரும் அந்தக் கணக்கின் விடையே.

2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் பெரும்பாறைகள் சரிந்து குவாரிக்குள் ஆறு பேர் சிக்கியதும், இருவர் மட்டுமே உயிர் பிழைத்ததும், அந்தக் கணக்கை நாடறியச் செய்தன. 1975-இல் சஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 375 பேர் மாண்டபோது நாடே அதிர்ந்தது. நால்வர் மாண்டால் மாநிலம் சில நாள் பேசுகிறது. ஒருவர் மாண்டால் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிகள் வந்து முடிந்துவிடுகின்றன.

இப்போது சுரங்கச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கிய 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறிப்பிட்ட வகைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்ற ஏற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆனால் நூல்களை ஒன்றாகத் தைப்பது சீர்திருத்தமாகிவிடாது. குத்தகை வழங்கும் அலுவலகமும் பாதுகாப்பு இயக்ககமும் ஒரே பதிவேட்டைப் பார்ப்பது, குத்தகை முடியும் நாளில் வேலி இட்டதற்கான சான்று இல்லாமல் வைப்புத்தொகையைத் திருப்பித் தராதிருப்பது, கைவிடப்பட்டு நீர் நிரம்பிய ஒவ்வொரு குழிக்கும் உரியவரின் பெயரைப் பலகையில் எழுதி நடுவது ஆகிய மூன்றும் புதிய சட்டமே இல்லாமல் செய்யக்கூடியவை. கொள்ளிடத்து மணற்குழிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே வெள்ளம் வந்து குழியை மூடிவிடுவதால், குளிக்க இறங்குபவருக்கு ஆழம் தெரிவதில்லை.

1952-ஆம் ஆண்டு நாடாளுமன்ற விவாதத்துக்கான இடத்தை டால்டன் மேடை விழுங்கிவிட்டது. அது அடுத்த இதழுக்குத் தள்ளப்படுகிறது. 1753-இல் அந்தப் பள்ளம் திறந்து கிடந்தது கோட்டைக்காரருக்கு ஆதாயமாயிற்று, ஏனெனில் அதில் விழுந்தவர்கள் பகைவர்கள். இன்றைய குழிகளின் ஓரத்தில் நடப்பவர்கள் கல் உடைக்கப் போகிறவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான்.