‘நஞ்சு’ எனப் பெயர் சூட்டப்பெற்ற நடிகை

1938ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்கத் திரைப்படத் தொழிலுக்கான பத்திரிகையொன்றில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. அதனை வெளியிட்டோர், பெருங் கம்பனிகளைச் சாராத படமாளிகைச் சொந்தக்காரரின் சங்கத்தினர். பெருஞ் சம்பளம் பெற்றும் சனங்களைப் படமாளிகைக்கு இழுக்கத் தவறிய நட்சத்திரங்கள் இவர்களே என்று சிலருடைய பெயர்களை அவர்கள் வெளிப்படையாக அச்சிட்டிருந்தனர். ‘பணப்பெட்டிக்கு நஞ்சு’ என்பது குற்றச்சாட்டு. கிறேற்றா கார்போ, மார்லின் டீற்றிச், ஜோன் குரோபட் ஆகியோருடன் கதறின் ஹெப்பேணின் பெயரும் அப்பட்டியலிற் காணப்பட்டது. 1933இல் வெளிவந்த ‘மோர்னிங் குளோறி’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசினைப் பெற்றவர் அவர். பரிசுக்கும் நஞ்சுக்கும் இடையே ஐந்தாண்டு தானும் முழுதாகக் கழியவில்லை.

ஹெப்பேண் 1907இல் கனெற்றிக்கற் மாநிலத்து ஹார்ட்போட் நகரிலே பிறந்தவர். தந்தையார் வைத்தியர், தாயார் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியவர். பிறின் மோர் என்னும் பெண்கள் கல்லூரியிற் கற்று 1928இற் பட்டம் பெற்றார். காற்சட்டை அணிந்து நடமாடியதும், பத்திரிகையாளரைச் சட்டைசெய்யாததும், மனத்திற் பட்டதை வாய்விட்டுச் சொன்னதும் அவருக்கு நண்பரைத் தேடித்தரவில்லை. நடிப்பிற் குறை கண்டோரைவிட, அவருடைய தலைநிமிர்விற் குறை கண்டோரே அதிகம்.

அந்த விளம்பரம் வந்த ஆண்டின் பெப்ரவரியில் வெளியானதே ‘பிறிங்கிங் அப் பேபி’. அக்காலத்து அமெரிக்கர் விரும்பிய கிறுக்கு நகைச்சுவைப் படங்களுள் ஒன்று அது. 1934இல் திரைப்படத் தணிக்கை விதிகள் இறுக்கமாக அமுலுக்கு வந்தபின், காதலைத் தழுவலாலும் முத்தத்தாலும் காட்டுதல் அரிதாயிற்று. எனவே கதாசிரியர்கள் அதனைச் சொற்போராக மாற்றினர். ஆணும் பெண்ணும் ஓயாது வாதாடினர். வாதத்தினூடே அன்பு வளர்ந்தது. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. வாதாட வேண்டுமானால் பெண்ணுக்கும் அறிவு வேண்டும், நாவன்மை வேண்டும். கண்ணீர் சிந்தும் கதாநாயகியை வைத்து இத்தகைய படம் எடுக்க இயலாது.

ஹொவாட் ஹோக்ஸ் நெறிப்படுத்திய அப்படத்திலே, பழங்கால மிருகமொன்றின் எலும்புக்கூட்டைப் பொருத்தி முடிக்க இறுதி எலும்புக்காகக் காத்திருக்கும் ஆராய்ச்சியாளராகக் கெரி கிறாண்ட் தோன்றுகிறார். அவருடைய அமைதியைக் குலைக்க வருபவள் ஹெப்பேண் நடிக்கும் செல்வச் சீமாட்டி. கூடவே பழக்கப்பட்ட சிறுத்தை ஒன்றும், எலும்பைக் கௌவிச்சென்று புதைத்துவிடும் நாய் ஒன்றும் வருகின்றன. நகைச்சுவை ஹெப்பேணுக்கு எளிதில் வரவில்லை. சிரிப்பு மூட்ட வேண்டுமென்று முயன்று முயன்று நடித்தார். ஆகவே வோல்ற்றர் கற்லற் என்ற பழைய மேடை விதூஷகரை ஹோக்ஸ் அழைத்துவந்து அவருக்குப் பயிற்சி அளிப்பித்தார். வேடிக்கையான காரியத்தை வேடிக்கை என்று அறியாதவர்போலச் செய்யவேண்டும் என்பதே பாடம். மாணவி நன்கு கற்றார். ஆயினும் அன்று சனங்கள் வரவில்லை. நியூயோர்க் றேடியோ சிற்றி மண்டபத்தில் ஒரு வாரத்துடன் படம் எடுக்கப்பட்டது. இன்று அது நகைச்சுவைப் படங்களின் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுகின்றது.

பின்னர் ஆர். கே. ஓ. கம்பனி அவருக்குத் தகாத சிறு படமொன்றைக் கொடுத்தது. அவர் மறுத்துத் தம் சொந்தப் பணத்தைச் செலுத்தி ஒப்பந்தத்திலிருந்து விலகினார். ‘ஹொலிடே’ என்ற நல்ல படத்தில் வேறொரு கம்பனிக்காக நடித்துவிட்டு, கிழக்குக் கரைக்கே திரும்பினார். ஹொலிவூட்டைப் பொறுத்தவரை அவர் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

‘ஹொலிடே’யின் மூல நாடகத்தை எழுதிய பிலிப் பாரி அவருக்கெனவே ஒரு புது நாடகம் எழுதினார். அதுவே ‘த பிலடெல்பியா ஸ்ரோறி’. 1939 மார்ச் மாதம் நியூயோர்க்கில் அரங்கேறி நானூறு தடவைகளுக்கு மேல் நடந்தது. ஹெப்பேண் சம்பளம் பெறாது இலாபத்திற் பங்கு கொண்டார். அதனினும் முக்கியமானது, அதன் திரைப்பட உரிமை அவர் கையில் இருந்தமை. விமான முயற்சிகளாற் புகழ்பெற்ற ஹொவாட் ஹியூஸ் அதனை வாங்கி அவருக்கு அளித்திருந்தார். நாடகம் வெற்றி பெற்றதும் கம்பனிகள் விலை பேச வந்தன. எம். ஜி. எம். அதிபர் லூயி மேயரிடம் ஹெப்பேண் உரிமையை விற்றார். ஆனால் கதாநாயகி தாமே என்றும், நெறியாளரைத் தெரிவதில் தமக்குப் பங்குண்டு என்றும் நிபந்தனை விதித்தார். நஞ்சென்று ஒதுக்கப்பட்டவர் இப்போது பேரம் பேசும் இடத்தில் அமர்ந்திருந்தார்!

ஜோர்ஜ் கியூக்கர் நெறிப்படுத்தினார். கெரி கிறாண்டும் ஜேம்ஸ் ஸ்ரூவேட்டும் உடன் நடித்தனர். கிறாண்ட் தம் ஊதியத்தைப் பிரித்தானிய யுத்த நிவாரண நிதிக்கு வழங்கினார். 1940 டிசம்பரில் வெளியான படம், முன்னர் ஒரு வாரமே ஓடிய அதே றேடியோ சிற்றி மண்டபத்தில் ஆறு வாரம் ஓடியது. ஸ்ரூவேட்டுக்கும் திரைக்கதாசிரியருக்கும் ஒஸ்கார் கிடைத்தது, ஹெப்பேணுக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கதையைச் சற்று நோக்கவேண்டும். கணவனை விலக்கிய திறேசி லோட் என்ற செல்வக் குடும்பத்துப் பெண் மறுமணத்துக்கு ஆயத்தமாகிறாள். மணநாளுக்கு முன்பாக ஒவ்வோர் ஆண்மகனும் அவளுக்கு உபதேசம் செய்கிறான். நீ பெண்ணல்ல, சிலை என்கின்றனர். பிறர் குற்றம் பொறுக்காதவள் என்கின்றனர். வேறொருத்தியை நாடித் திரியும் தந்தை கூட, மகள் அன்பாக இருந்திருந்தால் தான் வழிதவறியிருக்கமாட்டேன் எனக் கூசாமற் சொல்கிறார். அவளோ அழுது, மயங்கி, தவறிழைத்து, மனம் கனிந்தபின் பழைய கணவனையே மணக்கிறாள். செருக்குடையவர் என்று ஹெப்பேணை வெறுத்த சனங்கள், அச்செருக்குத் திரையிலே அடங்குவதைக் கண்டு அவரை ஏற்றுக்கொண்டனர். உரிமையைக் கையில் வைத்திருந்த பெண், தாம் பணிவதுபோன்ற கதையை விற்றே மீண்டும் தலைநிமிர்ந்தார். படத்தின் நயத்திலே மயங்கியோர் இவ்விலையைக் கவனிப்பதில்லை.

1942இல் வெளிவந்த ‘வுமன் ஒவ் த இயர்’ படத்துக்கும் இதே கதி நேர்ந்தது. எழுதியோர் பெயரை மறைத்துத் திரைக்கதையை மேயரிடம் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றவர் ஹெப்பேண். ஸ்பென்சர் திறேசியுடன் அவர் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களுள் முதலாவது அது. பன்மொழி அறிந்த அரசியற் பத்திரிகையாளராக வரும் நாயகி, புதிதாகச் சேர்க்கப்பட்ட இறுதிக் காட்சியிலே கணவனுக்குக் காலையுணவு சமைக்க முயன்று அடுப்படியைக் குழப்புகிறாள். உலக விவகாரம் அறிந்தவளுக்குக் கோப்பி போடத் தெரியாதென்பதிற் பார்வையாளருக்கு அத்தனை திருப்தி! ஹெப்பேணுக்கு அம்முடிவு பிடிக்கவில்லை.

1949இல் ‘அடம்ஸ் றிப்’ வந்தது. துரோகமிழைத்த கணவனைச் சுட்ட பெண்ணொருத்தியின் வழக்கு அது. அரச தரப்பில் வாதாடுபவர் திறேசி. எதிர்த்தரப்பில் அவர் மனைவியான ஹெப்பேண். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியா என்று கேட்டு மனைவி வழக்கை வெல்கிறார். வீட்டிலே பூசல் மூண்டு, பின் தணிகிறது. குடியரசுக் கட்சியின் நீதிபதி வேட்பாளராகத் தாம் தெரியப்பட்டதைக் கணவர் அறிவிக்க, சனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்துவிட்டதா என மனைவி மெல்ல விசாரிக்கிறார்.