கூடிப் பேசி வளர்ந்த வாசிப்பு

மாணவர்களுக்கு வாசிப்பில் பற்று வரக் குழுக் கலந்துரையாடல் உதவுமா? மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே இதற்குப் பதில் உண்டு.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டது பலருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பேசவும் கூட்டம் கூடவும் உரிமை ஆகியவையும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. முன்னணியில் நின்ற ஆர்.எச்.நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் வந்தன, தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூடிப் பேசுவதையே கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்த காலம் அது.

பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. தமிழ் நேசனில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பின்னர் அதே நாளிதழில் பணியாற்றிய கு.அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டினார். மாணவர்களை அதிகம் ஈர்த்தது கோ.சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' தொடங்கிய மாணவர் மணிமன்றம்தான். பத்திரிகையில் எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. பல ஊர்களில் மன்றம் அமைத்தார்கள். மேடை ஏற வேண்டுமென்றால் படித்தாக வேண்டும்; படிக்காமல் வந்தவரின் சரக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்!

1999-இல் மலேசியப் பள்ளிகளில் நீலாம் வாசிப்புத் திட்டம் அறிமுகமானது. படித்த நூல்களை மாணவர்கள் பதிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை தெரிகிறது. அந்த நூல்களைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் வாதாட விடும் ஆசிரியருக்கு, மணிமன்றக்காரர்கள் கண்ட பலன் கிடைக்கும்.