கீழ்ப்பாக்கம் என்கிற வசவு

‘உன்னையெல்லாம் கீழ்ப்பாக்கத்துலதான் கொண்டுபோய்ச் சேக்கணும்’ என்று ஒருமுறையாவது சொல்லாத, கேட்காத தமிழர் இருக்க முடியாது. நம் சினிமா நகைச்சுவைக்கு இந்த ஊர்ப்பெயர் போட்ட சோறு கொஞ்சநஞ்சமல்ல. வடக்கே ஆக்ரா, ராஞ்சி. இலங்கையில் அங்கொடை. நல்ல மனிதர்கள் குடியிருக்கிற ஓர் ஊரின் பெயர் எப்படி வசவாக மாறுகிறது? மனநோய் பற்றிய ‘விழிப்புணர்வு’ என்கிற சொல்லாடலை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் விழிப்புணர்வு பேசுகிற எல்லோரும் களங்கத்தை மக்களின் மண்டைக்குள் தேடுகிறார்கள். அது சுவர்களுக்குள் தயாரான சரக்கு.

சென்னையின் முதல் பைத்தியக்கார விடுதியை 1794இல் தொடங்கியவர் வாலண்டைன் கனோலி என்கிற கம்பெனி மருத்துவர். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. 1922இல் ‘லூனடிக் அசைலம்’ என்ற பெயர் நாகரிகமாக இல்லையென்று ‘மென்டல் ஹாஸ்பிட்டல்’ ஆக்கினார்கள். பெயரைக் கழுவினால் அழுக்குப் போய்விடும் என்கிற சீர்திருத்த நம்பிக்கை. என்ன நடந்தது? ‘மெண்டல்’ என்பதே தெருச்சண்டையின் கெட்ட வார்த்தையாயிற்று. 1978இல் மறுபடியும் பெயர் மாறியது. ‘மனநலம்’ என்ற சொல்லாவது பிழைக்குமா, பார்க்கலாம்.

(பெயர் மாற்றமே வீண் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானில் நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பேரில், ‘மனம் பிளந்த நோய்’ என்கிற பொருள் தந்த பழைய பெயரை 2002இல் மருத்துவர்கள் கைவிட்டார்கள். நாம் இன்னமும் ‘மனச்சிதைவு’ என்றுதான் எழுதுகிறோம். அங்கே மாற்றத்தைக் கேட்டவர்கள் யார் என்பதுதான் விஷயம்.)

சுவர் மட்டுமில்லை, அதற்குள் போகிற வழியும் களங்கத்தை உற்பத்தி செய்தது. 1912ஆம் ஆண்டின் லூனசி சட்டப்படி ஒருவரை உள்ளே சேர்க்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற வேண்டியிருந்தது; தெருவில் திரிந்தவரைப் போலீஸ் பிடித்து அதே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியது. காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், சித்தம் கலங்கியவன் கோர்ட்டுக்குப் போகிறான். ‘ஊருக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டான்’ என்று குடும்பம் மறைத்ததை அறியாமை என்று சொல்லிவிடலாமா? அது ரொம்பத் துல்லியமான அறிவு. இந்தச் சட்டத்தை நீக்கிய 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில்.

இதற்கு மாறான ஒரு வரலாறும் உண்டு, ஆனால் அது பெரிதாகப் பேசப்படுவதில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்கிற மருத்துவர் வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இலிருந்து நோயாளியோடு உறவினரையும் சேர்த்தே அனுமதித்தது. அம்மா பக்கத்தில் இருக்கிறாள், சமைத்துப் போடுகிறாள், மருந்து என்ன செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறாள். பக்கத்துக் கூடாரத்திலும் இதே கதைதான் என்று தெரிகிறது. அவள் ஊர் திரும்பிப் பேசுகிற பேச்சுக்கு எந்தச் சுவரொட்டி ஈடாகும்? சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் நீண்டகாலம் இருந்த சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக இரண்டு இளம்பெண்கள் 1993இல் ‘பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். இவர்களோடு எனக்குள்ள கருத்து வேறுபாடுகளை வேறொரு சந்தர்ப்பத்தில் எழுதுகிறேன். அரசு சுவரை எழுப்பிய இடத்தில் இவர்கள் வாசல் வைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

இனி ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை அண்டி நடந்துவந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். உடனே பத்திரிகைகளில் ‘மூடநம்பிக்கையின் கொடுமை’ என்று தலையங்கங்கள். நம் பகுத்தறிவு நண்பர்களும் சேர்ந்து பாடினார்கள். தர்காவுக்கு வந்தவர்கள் இஸ்லாமியர்கள் மட்டுமல்ல. விளக்கெண்ணெயையும் நீரையும் மருந்தாக வாங்கிக்கொண்டு, கனவில் உத்தரவு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்த எல்லாச் சாதி, மதத்து ஏழைகள். பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை, கூலி வேலையை விட்டுவிட்டுக் காவலிருக்க வீட்டில் ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் காப்பகம் என்கிற வியாபாரம் முளைத்தது. உரிமம் இல்லாமல் இப்படி ஒரு விடுதி நடத்தக் கூடாது என்கிற சட்டம் அமலுக்கு வந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. விழிப்புணர்வு யாருக்கு இல்லாமல் போயிற்று?

தீக்குப் பிறகு ஒரு வாரத்தில் காப்பகங்களை மூடினார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? கீழ்ப்பாக்கத்துக்கு.

பாரிஸில் 1656இல் நடந்த ‘பெரும் அடைப்பு’ பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி எழுதிய நம்மில் பலருக்கு, ராமநாதபுரத்துச் சங்கிலி கண்ணில் பட ஒரு தீ தேவைப்பட்டது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழிபாட்டுத் தலங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து இல்லாமலேயே, சராசரியாக ஆறு வாரங்களில், நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சாமியின் மகிமை என்று அவர்கள் சொல்லவில்லை. மிரட்டாத, விரட்டாத ஓர் இடம் மனிதருக்கு என்ன செய்யும் என்றுதான் காட்டினார்கள். பின்னாட்களில் ஏர்வாடியிலேயே ‘துவா’வோடு ‘தவா’வும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், என்கிற திட்டம் வந்தது. குஜராத்தில் ஒரு தர்காவில் முன்பே செய்து பார்த்ததுதான். நம்பிக்கையை உடைக்காமல் மாத்திரையைக் கையில் கொடுப்பது. பகுத்தறிவாளருக்கு இது கசக்கும், கசக்கட்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. சிகிச்சையை உரிமை என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து விலக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தைப் புரட்டுங்கள். தொழுநோயை விவாகரத்துக் காரணங்களிலிருந்து 2019இல் நீக்கியவர்கள், தீராத சித்தக் கலக்கத்தை அங்கேயே விட்டுவைத்தார்கள். சித்த சுவாதீனமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் வாக்காளர் பட்டியலிலும் இடமில்லை, அது 1950ஆம் ஆண்டின் சட்டம்.

அந்தச் சட்டம் அப்படியே இருக்க, 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வளாகத்துக்குள் ஒரு வாக்குச்சாவடி அமைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உள்நோயாளிகள் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினார்கள்.