அரண்மனை, மக்கள் நினைவகமான வரலாறு

மதுரை காந்தி அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம், தமுக்கத்தில் நாயக்கர் காலத்தில் எழுந்த அரண்மனை. இன்றும் மக்கள் இதை ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகளின் மாளிகையாக இருந்தது. அரசியும் கலெக்டரும் வாழ்ந்த இடத்துக்குள் எளிய குடிமகனும் உரிமையோடு நுழைய முடிந்ததே விடுதலை இக்கட்டடத்துக்குத் தந்த பெருமை.

காந்தியடிகள் மறைந்தபின், நாடெங்கும் மக்கள் மனமுவந்து அளித்த நன்கொடையில் காந்தி நினைவு நிதி உருவாயிற்று. அந்த நிதி அருங்காட்சியகம் அமைப்பதற்காக 1955-இல் மாநில அரசு இந்த அரண்மனையையும் சுற்றியுள்ள நிலத்தையும் வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

இத்தகைய நினைவகத்துக்கு மதுரை முழுத் தகுதி பெற்ற ஊர். 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடை பூண்டார். அயல்நாட்டுத் துணியை விலக்கிக் கதர் உடுத்தச் சொன்னால், அதை வாங்க வசதியில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குத் தம் உடையாலேயே விடை தந்தார். 1934-இல் மதுரை வந்தபோது, எல்லாரையும் அனுமதிக்காத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் செல்லவில்லை. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தடுக்கப்பட்டிருந்தவர்கள் அக்கோயிலுக்குள் நுழைந்த ஆலயப் பிரவேசம் நடந்தது. அதன்பின் 1946-இல் வந்தபோதுதான் அம்மனைத் தரிசித்தார்.

அருங்காட்சியகத்தின் உள்ளே, அந்நியர் வணிகத்துக்கு வந்த நாள் முதல் விடுதலை வரையிலான வரலாறு படங்களாக விரிகிறது. அடுத்து அண்ணலின் வாழ்க்கை. அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த ஆடையின் ஒரு பகுதி இங்கே காக்கப்படுகிறது. அதன்முன் நிற்கும்போது, இந்த விடுதலைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது எவருக்கும் விளங்கும். அந்த உயிரைப் பறித்தது அந்நியன் அல்ல, நம்மிடையே வளர்ந்த வெறுப்பே என்பதும் விளங்கும்.

ஆண்டுக்கொரு நாள் மாலை சூட்டுவதால் மட்டும் நினைவு நிலைத்துவிடாது. தலைமுறைதோறும் எடுத்துச் சொல்பவர்கள் வேண்டும். இங்குள்ள நூலகமும் காந்தியச் சிந்தனை வகுப்புகளும் அந்தப் பணியைத்தான் செய்கின்றன.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சுதந்திர தின வாரத்தில் மாணவர்களை மேலமாசி வீதிக்கு அழைத்துச் செல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் 1939-இன் கதையைச் சொல்லுங்கள். பிறகு இங்கே அழைத்து வாருங்கள். கொடிக்கு வணக்கம் செலுத்தும் பிள்ளைகள், அது எந்தச் சமத்துவத்துக்காக ஏற்றப்பட்டது என்பதையும் அறிந்து வளரட்டும்.