நீர்மரம்

நிலத்தடி மின்கேபிளின் பாலிஎத்திலீன் உறைக்குள் ஈரமும் மின்புலமும் சேர்ந்து உண்டாக்கும் சிதைவு. பெயரில்தான் மரம். உண்மையில் அது நுண்ணிய நீர்த்துளிகள் கிளைகிளையாகப் பரவிய கோலம்.

பழுதான கேபிளின் உறையை மெல்லிய சீவலாக எடுத்து, மெத்திலீன் நீலச் சாயத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிர் பிளாஸ்டிக்கில் நீலப் புதர்கள் தெரியும். சில, உறையின் விளிம்பில் வேர்விட்டு உள்நோக்கி வளர்ந்தவை. மற்றவை நடுவிலேயே ஒரு தூசியையோ வெற்றிடத்தையோ பற்றி இருபுறமும் விரிந்தவை. இவற்றுக்குக் கழுத்தில் கட்டும் 'போ டை'யின் பெயரை வைத்துவிட்டார்கள்.

பாலிஎத்திலீன் 1933-இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிடைத்தது. அதன் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்தபோது 90 பாகை செல்சியஸ் வரை தாங்கும் கேபிள் உறை உருவானது. ஈரத்தைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1960-களின் இறுதியில் ஜப்பானில் நீர்மரம் பதிவானது. 1970-களில் அமெரிக்காவில் கேபிள்கள் ஆயுள் முடியும் முன்பே பழுதாகின.

தயாரிப்பின்போது உறையை நீராவியில் பதப்படுத்தியதும் இந்தப் பழுதுக்கு ஒரு காரணம்: ஈரம் உறைக்குள்ளேயே தங்கியது. பிறகு ஆலைகள் உலர்முறைக்கு மாறின.

நீர்மரம் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். மின்னல் அலை ஒன்று வந்தால் நீர்மரத்தின் நுனியில் மின்மரம், அதாவது மின்வெளியேற்றம் உறையை அரித்துக் கிளைக்கும் தடம், முளைக்கக்கூடும். பிறகு உறை துளைபட நேரமாகாது. ஆகவே பொறியாளர்கள் 0.1 ஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தில் உறையின் மின்னிழப்பை அளக்கிறார்கள். கேபிளைத் தோண்டாமலே, கம்பியிழைகளின் இடுக்கில் சிலிக்கான் சார்ந்த திரவத்தைச் செலுத்தி உறையைத் தேற்றும் முறையும் உண்டு.