கிராங்க் கம்பியின் காலம்

பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். "பீமில் ரிங் ரொம்பக் கம்மி சார், இடித்துவிடலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "கிராங்க் இருக்கிறதா, பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். ரிங் என்பது பீமின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்; கிராங்க் என்பது தாங்கலருகே சாய்வாக மேலே வளைத்த கம்பி.

பார்ப்பது சுலபம். தூணை ஒட்டி பீமின் பக்கவாட்டில், உள்ளே இருக்கும் கம்பியைக் காட்டும் கவர் மீட்டரை வைத்து நடுப்பகுதியை நோக்கி நகர்த்த வேண்டும். மேலே ஓடிய கம்பி சட்டென்று 45 டிகிரி சாய்ந்து இறங்கி அடியில் போய்ப் படுக்கும். அங்கே கொத்திப் பார்த்தால் பெரும்பாலும் முறுக்கோ வரியோ இல்லாத வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பி தெரியும்.

இந்த வளைவை உலகெங்கும் பரப்பியவர் பிரெஞ்சுக்காரரான ஃபிரான்சுவா ஹென்னபிக். அவருடைய முறையில் பாதிக் கம்பிகள் நேராகவும் மீதி தாங்கலருகே மேலேறியும் இருக்கும். காரணம் சிக்கனம். பீமின் நடுவில் இழுவிசை அடியில். தொடர் பீமில் தாங்கலுக்கு மேல் அதுவே உச்சிக்குப் போய்விடுகிறது. ஷியர் என்கிற வெட்டுவிசையும் தாங்கலருகேதான் அதிகம். அடியில் வேலை முடிந்த ஆளைச் சும்மா உட்கார வைக்காமல் மாடிக்கு அனுப்புவது போலத்தான் இது. போகிற வழியில், தாங்கலிலிருந்து சாய்ந்தேறும் விரிசலைக் குறுக்கே பிடித்துக்கொள்ளவும் செய்கிறது.

ஆனால் ஹென்னபிக் ரிங்கைக் கைவிடவில்லை. பட்டை இரும்பை 'யூ' வடிவில் வளைத்துத் தாங்கலை நெருங்க நெருங்க அடர்த்தியாக வைத்தார். 1899-இல் ரிட்டர், அடுத்து 1902-இல் மோர்ஷ் ஆகிய பொறியாளர்கள் விரிசல் விட்ட பீமை, சாய்வும் நேருமான உறுப்புகள் சேர்ந்த ஒரு டிரஸ்ஸாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: சாய்ந்த கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இரும்பு இழுவிசையைத் தாங்கும். அமெரிக்காவில் ஜூலியஸ் கான் 1903-இல் கம்பியின் ஓரச் சிறகுகளைக் கிழித்து மேலே மடக்கி, ரிங்கையும் கம்பியையும் ஒரே துண்டாக்கினார். அவர் அண்ணன் ஆல்பர்ட் கான் டெட்ராய்டில் 1905-இல் கட்டிய பேக்கார்டு தொழிற்சாலையின் 10-ஆம் கட்டடம் அந்த முறையில் எழுந்ததுதான்.

இத்தனைக்கும் பிறகும் ஷியரைக் கான்கிரீட்டே பார்த்துக்கொள்ளும் என்றிருந்த தெம்புக்கு 1955 ஆகஸ்டில் அடி விழுந்தது. ஒஹையோ மாநிலம் ஷெல்பியில் விமானப்படைக் கிடங்கின் கூரை, தன் சுமையைத் தவிரப் பெரிய பாரம் இல்லாமலே சரிந்தது. 3 அடி உயர பீம். உடைந்த இடத்தில் ரிங் இல்லை. கான்கிரீட் சுருங்கியதால் வந்த இழுவையும் சேர்ந்துகொண்டது. 1963-இல் அமெரிக்கக் கான்கிரீட் விதியின் ஷியர் பகுதி மாற்றி எழுதப்பட்டது.

நம் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456, ஷியருக்கான மொத்த இரும்பின் பலத்தில் கிராங்க் கம்பியின் பங்கைப் பாதிக்கு மேல் கணக்கில் எடுக்க விடுவதில்லை. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் ஏறுகிற கம்பி எல்லா விரிசலையும் பிடிக்காது. வளைவில் கான்கிரீட்டை நசுக்கவும் கூடும். நிலநடுக்கத்தில் விசை திசை மாறினால் எதிர்ப்பக்கம் சாயும் விரிசலுக்கு அது உதவாது. அதனால்தான் 1993-இல் வந்த நிலநடுக்க விதியான ஐ.எஸ். 13920 கிராங்க் கம்பியின் ஷியர் பலத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வேலையிடத்திலும் ஒவ்வொரு கம்பியாக அளந்து, பெஞ்சில் நெம்பி வளைப்பதைவிட, ஒரே அளவு ரிங்குகளை வரிசையாகக் கட்டுவது எளிது.

கிராங்க் இருந்தால் அதன் பங்கைப் பாதி வரை சேர்த்துக் கணக்குப் போடுவேன். போதாத பீமுக்கு மட்டும், அதைச் சுற்றி மேலுறை போட்டு வலுவாக்கும் ஜாக்கெட்டிங் எழுதுவேன். இடிக்கச் சொல்வது அதற்குப் பிறகுதான்.