தாயும் மகளும் ஒரே திரையில்: ஜூடி கார்லண்ட் – லைசா மினெல்லி தொலைக்காட்சிப் பதிவுகள் (1963–1964)

முன்னுரை

எட் சல்லிவன் நிகழ்ச்சி ஒளிபரப்பான 1948 முதல் 1971 வரையிலான காலத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல்சுவை நிகழ்ச்சிகளின் காலம் எனலாம். பாட்டு, ஆட்டம், நகைச்சுவைத் துணுக்கு, விருந்தினருடன் உரையாடல் ஆகியவற்றை அடுக்கித் தரும் இவ்வடிவம், 'வாடவில்' என வழங்கிய பழைய கதம்ப மேடையின் வழித்தோன்றலாகும். பேசும் படமும் வானொலியும் பரவியபின் அம்மேடை நலிந்தது. அதன் உத்திகள் தொலைக்காட்சியில் மறுவாழ்வு பெற்றன. இவ்வடிவத்தில் புகழ்பெற்ற தாயும் மகளும் இணைந்து தோன்றிய பதிவுகளுள் ஜூடி கார்லண்ட், லைசா மினெல்லி ஆகியோருடையவை தனித்த இடம் பெறுகின்றன. ஒரு சாரார் இவற்றைத் தாய்ப்பாசத்தின் சான்றாகவும், மற்றொரு சாரார் இருவருக்கிடையிலான போட்டியின் சான்றாகவும் கொள்வர். அப்பதிவுகள் உண்மையில் எதற்குச் சான்றாகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று தலைமுறை

கார்லண்டின் இயற்பெயர் பிரான்சிஸ் கம். 1922இல் மின்னசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் என்னும் ஊரில் பிறந்த அவர், மூன்று வயது நிரம்புமுன்பே மேடையேற்றப்பட்டார். அவருடைய தாய் எத்தெல், பியானோ வாசித்தும் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தும் தம் பெண்மக்கள் மூவரையும் கதம்ப மேடைகளில் இயக்கிவந்தார். 1935இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமான பிரான்சிஸ், 1939இல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தால் உலகப் புகழ் பெற்றார். பின்னாளில் அவர் தம் தாயைப் பற்றிக் கடுமையாகப் பேசியமை அறியப்பட்ட செய்தி.

லைசா, இயக்குநர் வின்சென்ட் மினெல்லிக்கும் கார்லண்டுக்கும் 1946இல் பிறந்தவர். 1949இல் தாய் நடித்த 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்' படத்தின் இறுதிக் காட்சியில் குழந்தையாகத் தோன்றினார். 1963இல் நியூயார்க்கில் 'பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்டு' இசை நாடகத்தில் நடித்துத் தனி அடையாளம் பெறத் தொடங்கினார். தாயால் மேடையேற்றப்பட்ட ஒருவர், தம் மகளை அவையோர்க்கு அறிமுகப்படுத்தும் நிலை அவ்வாண்டில் உருவாயிற்று.

பதிவு வரிசையும் ஒளிபரப்பு வரிசையும்

'ஜூடி கார்லண்ட் ஷோ' சி.பி.எஸ். அலைவரிசையில் 1963 செப்டம்பர் 29 முதல் 1964 மார்ச் 29 வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஞாயிறு இரவில், என்.பி.சி.யின் 'பொனான்சா' தொடருக்கு எதிராக அது நிறுத்தப்பட்டது. ஜார்ஜ் ஷ்லாட்டர், நார்மன் ஜூவிசன், பில் கோலரன் என ஓராண்டுக்குள் தயாரிப்பாளர் மூவர் மாறினர். கார்லண்ட் விருந்தினரை அடிக்கடி தொட்டுப் பேசுகிறார் என்பதும் அலைவரிசை நிர்வாகம் கண்ட குறைகளுள் ஒன்றாகும்.

லைசா தோன்றிய முதற்பகுதி ஷ்லாட்டர் காலத்தில், 1963 ஜூலையில் ஒளிநாடாவில் பதிவு செய்யப்பட்டது. ஒளிபரப்பானதோ நவம்பர் 17ஆம் நாள். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பங்கேற்ற பகுதி அக்டோபரில் பதிவாகி, அக்டோபர் 6இல் ஒளிபரப்பாயிற்று. ஒளிபரப்பு நாளை மட்டும் கொள்வோர், கார்லண்ட் முதலில் வேற்று இளம்பாடகியுடன் பாடிவிட்டுப் பின்னர் மகளை அழைத்ததாகக் கருத இடமுண்டு. பதிவு நாளோ மகளே முந்தியவர் என்பதைக் காட்டுகிறது.

அப்பகுதியில் நாற்பத்தொரு வயதுத் தாயும் பதினேழு வயது மகளும் 'ஜிப்சி' (1959) இசை நாடகத்தின் 'டுகெதர்' என்னும் பாடலை இணைந்து பாடினர். பெண்மக்களைக் கதம்ப மேடையில் வலிந்து முன்னிறுத்தும் தாயொருத்தியின் கதையே 'ஜிப்சி'. எத்தெலின் மகள் தம் மகளோடு அந்நாடகப் பாடலைப் பாடியமை கருதத்தக்கது.

வீடும் அரங்கும்

1963 டிசம்பர் 22இல் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் பகுதியில் லைசாவுடன் இளையவர்களான லோர்னாவும் ஜோயியும் பங்கேற்றனர். கார்லண்டின் இல்லத்து வரவேற்பறையைப் போன்றே அரங்கம் அமைக்கப்பட்டிருந்தது. 1944இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தில் தாம் பாடிய கிறிஸ்துமஸ் பாடலைக் கார்லண்ட் இங்கு மீண்டும் பாடினார். இல்லம் ஒன்றனுள் நுழைந்த உணர்வை இது தருகிறது. எனினும் இசைக்குழுவும் ஒத்திகையும் ஒளியமைப்பும் கூடிய படைப்பு இது. கலைஞர் தாமாகவே தோன்றுவதாகப் பாவிப்பது பல்சுவை நிகழ்ச்சியின் இலக்கணம். ஆதலின் இப்பகுதியைக் குடும்ப வாழ்வின் நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பல்லேடியம் மேடை

1964 நவம்பர் 8, 15 ஆகிய நாள்களில் இலண்டன் பல்லேடியம் அரங்கில் இருவரும் இணைந்து பாடினர். இந்நிகழ்ச்சி பிரிட்டனில் தொலைக்காட்சிக்காகவும் பதிவாயிற்று. மறு ஆண்டில் கேப்பிடல் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. பெருமிதத்துடன் மேடையில் நின்ற தாய், அவையோர் மகளைக் கொண்டாடக் கண்டு போட்டியாளராக மாறியதாக லைசா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். போட்டிக் கருத்துக்கு இக்கூற்றே அடிப்படை. பங்கேற்றவரின் கூற்றாதலால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அது 1964ஆம் ஆண்டு இலண்டன் மேடையைப் பற்றியது. 1963ஆம் ஆண்டுப் பதிவுகளின் மேல் அதனை ஏற்றிப் பொருள் கொள்வது காலமயக்கமாகும்.

முடிவுரை

1965இல் 'ஃப்ளோரா தி ரெட் மெனஸ்' நாடகத்திற்காக லைசா டோனி விருது பெற்றார். 1969 ஜூன் 22இல் கார்லண்ட் தம் 47ஆம் வயதில் இலண்டனில் மறைந்தார். 1972இல் 'லைசா வித் எ இசட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மகள் தனித்து நின்று எம்மி விருது பெற்றார்.

பாசம், போட்டி என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்வதற்கு இப்பதிவுகள் இடந்தரவில்லை. அவை உறுதியாகக் காட்டுவது தொழிற்கல்வியையே. மற்றவர் குரலுக்கு இடம்விடுதல், தாளத்தில் இணைதல், அவையை நோக்கி நிற்றல் ஆகியவை தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறும் நிலையை இவற்றில் காணலாம். எத்தெல் தம் மகளுக்குக் கற்பித்தது கதம்ப மேடையோடு மறைந்தது. கார்லண்ட் தம் மகளோடு பாடியதோ ஒளிநாடாவில் நிலைத்தது. மேடை மரபின் தலைமுறைத் தொடர்ச்சியை வரலாற்று ஆவணமாக்கியதே பல்சுவை நிகழ்ச்சி ஆற்றிய பணி எனலாம்.